வெறும் பரலும் என் கலியாண நாளும்

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கும் வண்டி வந்திருக்கிறது. முன்னால் இரண்டு இரும்புப் பற்கள். பின்னால் குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி ஒரு காஸ் சிலிண்டர். ஊரே சேர்ந்து சுமக்க வேண்டிய நெல்லை அது பல்லில் குத்தித் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் பெற்றோல் கொட்டிலில் வேலை செய்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆலைப் பொடியன்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள்.

வண்டியைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையில்லை. மற்றச் சிலிண்டர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தேன். வெயில் படாத இடத்தில், கம்பிக் கூட்டுக்குள், வாய் மேலே பார்க்க நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். நிறைந்தது ஒரு பக்கம், வெறுமையானது ஒரு பக்கம். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

"அப்பா, உங்கட காலத்துல இதெல்லாம் இருந்திச்சா?" என்று பேரன் வயதுப் பொடியன் ஒருவன் கேட்டான். எங்கள் பக்கத்தில் பாட்டனைத்தான் அப்பா என்பார்கள்.

"காஸ் எங்க மனே? பரல் இருந்திச்சி," என்றேன். இருநூறு லீற்றர் கொள்ளும் இரும்புப் பரல். உழவு மிசினுக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் அதில்தான் வரும்.

கதை கேட்கக் கதிரை கொண்டுவந்தார்கள், தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். கதை பாதியில் நிற்கும்போது லொறி வந்துவிட்டது, எல்லாரும் எழும்பி ஓடிவிட்டார்கள். விட்ட இடம் எனக்குத் தொண்டையில் நின்றது. அதனால் இதைப் பேப்பருக்கு முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. நான் சொல்ல என் மூத்த மகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். நான் சொல்வதைப் பேப்பர்காரர் வாசிக்கக்கூடிய மாதிரித் திருத்தித்தான் எழுதுவாள். ஆட்கள் கதைப்பதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் சாய்ந்தமருதுக்காரன். வாப்பா கடல் தொழில். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணி அலையைத் தாண்டுமுன்னே முதல்நாள் தின்ற சோறெல்லாம் வெளியே வந்துவிடும். மீன் பிடிக்கப் போனவன் மீனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வருகிறான் என்று கடற்கரையெல்லாம் சிரித்தார்கள். ஒருநாள் வாப்பாவே சொன்னார்: "மனே, நீ தரையிலயே இரி. மீனுக்கும் நிம்மதி."

ஐம்பதுகளில் மேற்கே பெரிய குளம் கட்டிக் காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த காலம். எருமை கட்டி மிதித்த வயலில் மிசின் இறங்கத் தொடங்கியது. சம்மாந்துறையில் ஒரு போடியார் இரண்டு மிசின் எடுத்தார். போடியார் என்றால் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருப்பவர். வயலுக்கு நடுவே மேட்டு நிலத்தில் மிசின் நிறுத்த ஒரு கொட்டிலும், தள்ளி எண்ணெய்ப் பரல் வைக்க இன்னொரு கொட்டிலும் போட்டார். அந்த எண்ணெய்க் கொட்டிலில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலை பழகிய கதையைச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் துடைத்தேன், தூக்கினேன், தள்ளி நின்றேன். இதில் தள்ளி நிற்பதுதான் கஷ்டமான பாடம். புதிய மிசின் ஒன்று உறுமும்போது கிட்டப் போகாமல் நிற்க எந்த வாலிபனால் முடியும்?

கொட்டிலுக்குப் போர்மன் கந்தப்பர். பாண்டிருப்பு ஆள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் திருகோணமலையில் வெள்ளைக்காரனின் எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை செய்தவர். மெலிந்த ஆள், வற்றிய முருங்கைக்காய் மாதிரி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மற்றவர்கள் கோபம் வந்தால் குரலை உயர்த்துவார்கள். இவர் தாழ்த்துவார். அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டி வந்தால், நாம் ஏதோ பெரிய பிழை விட்டிருக்கிறோம் என்று விளங்கிக்கொள்ளலாம்.

பரல் லொறியில் வரும். இறக்கும்போது கீழே பழைய டயர் ஒன்றைப் போட்டு, இரண்டு பலகை சாய்த்து, கயிறு கட்டி மெல்ல விடவேண்டும். "பரல் விழப்படாது தம்பி, படுக்கோணும்," என்பார். மரக்கட்டை மேல் வரிசையாகப் படுக்க வைப்போம். முதலில் நாங்களும் நிமிர்த்தித்தான் வைத்திருந்தோம். ஒரு மாரியில் பெய்த மழை பரலின் தலையில் தேங்கி நின்றது. பகலில் சூடேறி விரிந்த பரல் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, தேங்கிய தண்ணீரை மூடி வழியாக உள்ளே உறிஞ்சிவிட்டது. மிசின் சம்மாந்துறை வயலுக்கு நடுவில் போய் இருமியது, தும்மியது, படுத்துவிட்டது. வயல்காரர் ஒருவர் வந்து பார்த்து, "எங்கட எருமையும் இப்புடித்தான், தண்ணியக் கண்டாப் படுத்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கந்தப்பர் சிரிக்கவில்லை. அன்றைக்கே எல்லாப் பரலையும் படுக்க வைத்தார்.

மூடி திறப்பது ஒரு சடங்கு மாதிரி. இரும்புச் சாவி கொட்டிலுக்குள் வரவே கூடாது. இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும். அவர் அரையில் பித்தளைச் சாவி ஒன்று கயிற்றில் தொங்கும். ஆணி அடித்த செருப்பு வாசலுக்கு வெளியே. பரலை நிமிர்த்தி, பித்தளைச் சாவியைப் போட்டு, மூடியைக் கொஞ்சம்போலத் திருப்பி நிறுத்துவார். உடனே பரலுக்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஓயும்வரை யாரும் அசையக் கூடாது, கதைக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து றோட்டில் பஸ் போனால் அவருக்கு முகம் சுருங்கும். "மூச்சு விடட்டும். நாமளும் வேலையால வந்தா முதல்ல மூச்சுத்தானே விடுறம்?" என்பார்.

பெற்றோல் ஆவியைப் பற்றி அவர் சொல்லித் தந்ததுதான் இன்றைக்கு அந்தச் சிலிண்டர் காஸுக்கும் சரி. அது அடுப்புப் புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கும், பள்ளம் தேடிப் போய்ப் படுக்கும். நாம் கண்ணால் காணமாட்டோம். எங்கேயோ தூரத்தில் ஒருவன் பீடி பற்ற வைப்பான், நெருப்பு வந்த வழியே திரும்பி ஓடி வரும்.

பரலில் ஆபத்தானது எது என்று புதிதாக வருகிறவனிடம் கேட்பார். எல்லாரும் நிறைந்த பரலைத்தான் காட்டுவார்கள். நானும் அதைத்தான் காட்டினேன்.

"இல்ல தம்பி. நிறைஞ்ச பரல் வயிறு நிறைஞ்ச மாடு. படுத்துக் கிடக்கும். வெறும் பரல் பசிச்ச மாடு. அதுதான் முட்டும்."

உள்ளே பெற்றோல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், ஆவியோடு காற்றும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வெடி. அதனால் வெறும் பரலுக்கு மூடியை இறுக்கிச் சுண்ணாம்பால் குறி போட்டுத் தனியாக வைப்போம். ஊரில் பரலுக்கு நல்ல கிராக்கி. வெட்டினால் நெல் அவிக்கலாம், நூலுக்குச் சாயம் காய்ச்சலாம், தண்ணீர் நிறைக்கலாம். எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். கந்தப்பர் தண்ணீர் நிறைத்துக் கழுவாத பரல் ஒன்றையும் கொட்டிலுக்கு வெளியே விட்டதில்லை.

அவரிடம் நான் கண்ட பெரிய கெட்டித்தனம் வேறு. போடியாருக்குச் சுருட்டு. வாயில் எரிகிற சுருட்டோடுதான் கொட்டிலுக்கு வருவார். முதலாளியிடம் 'சுருட்டை அணையுங்கள்' என்று யார் சொல்வது? கந்தப்பர், காற்று வரும் பக்கத்தில் தூரமாக நின்ற புளிய மரத்தின் கீழே நல்ல கதிரை ஒன்றைப் போட்டார். பக்கத்தில் சாம்பல் தட்டச் சிரட்டை, குடிக்க இளநீர். போடியாரின் தலை றோட்டில் தெரிந்ததும் எதிரே போய், "போடியாருக்கு அங்கதான் காத்து நல்லம்," என்று கூட்டிப் போவார். போடியாருக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. அதற்குப் பிறகு அவர் எண்ணெய்க் கொட்டிலுக்குள் கால் வைத்ததே இல்லை. "நெருப்ப வேணாம் எண்டு சொல்லாத தம்பி, ரோசம் வந்துரும். நெருப்புக்கு நல்ல இடம் ஒண்டக் காட்டு," என்று கந்தப்பர் எனக்குச் சொன்னார்.

இனிக் கலியாணம். மகள் பேனையை நிமிர்த்திக்கொண்டு இருக்கிறாள். இந்தக் கதையை அவள் எத்தனையோ தரம் கேட்டவள், ஆனாலும் இதற்குத்தான் காத்திருக்கிறாள்.

எனக்குப் பெண் பேசியது மருதமுனையில். பெண்ணின் வாப்பா, உதுமாலெவ்வை மாமா, தறி வைத்து நடத்துபவர். நல்ல மனுசன், ஆனால் மானி. மானம் என்று வந்தால் கட்டிய தறியையும் அறுத்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவது. அதனால் மாமாவுக்குப் பிடிக்காமல் போனால் எனக்குப் பெண்ணும் இல்லை, வீடும் இல்லை.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. வெள்ளைச் சாரன், கோட்டு, தலைப்பாகை, கழுத்தில் பூமாலை. என் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, குடை பிடித்தார். முன்னால் பொல்லடிக்காரர் கம்புகளைத் தட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார்கள். றபான் மேளம் முழங்கியது. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, லேஞ்சி என்கிற கைக்குட்டையை வாயில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வெட்கப்படுகிற மாதிரி. நான் உண்மையாகவே வெட்கப்பட்டேன், அதனால் கஷ்டமாக இருக்கவில்லை. கந்தப்பர் கஞ்சி போட்ட வேட்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

மாமாவின் வளவு வேலியோரம் வரும்போது காற்றில் நெய்ச்சோற்று வாசம் வந்தது, மல்லிகை வந்தது, அத்தர் வந்தது. அதற்கு அடியில், இலேசாக, பெற்றோல்.

கலியாண வீட்டில் பெற்றோல் ஏன்? நான் தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் திருப்பினேன். கிடுகு வேலி ஓரிடத்தில் விலகியிருந்தது. பின் வளவு தெரிந்தது. அங்கே மூன்று அடுப்புக் கல்லின் மேல் ஒரு பரல், வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெளியெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் கொல்லர் ஒருவர் உளியும் சுத்தியலுமாகக் குந்தியிருந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் விருந்துக்குத் தண்ணீர் வைப்பதென்றால் சும்மா வைக்கமாட்டார்கள். குடத்தையோ பானையையோ சாம்பிராணிச் சட்டியின் மேல் கவிழ்த்துப் புகை பிடிப்பார்கள். பிறகு தண்ணீர் ஊற்றினால் குடிக்கும்போது மணக்கும். வந்தவர்கள் கை கழுவ, குடிக்க, பரல் நிறையத் தண்ணீர் வைக்க நினைத்திருக்கிறார்கள். பரல் நாறுகிறது. முதலில் சாம்பிராணி காட்டி நாற்றத்தைப் போக்குவோம், பிறகு கொல்லர் பரலின் தலையை வெட்டட்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

குசினிக்குள்ளிருந்து மாமாவின் பெரியும்மா வெளியே வந்தார். வயதான மனுசி, முதுகு வளைந்து, காது மந்தம். கையில் சாம்பிராணிச் சட்டி. சிரட்டைக் கரி செக்கச் செவேலென்று எரிகிறது. அதை வாயால் ஊதிக்கொண்டு பரலைப் பார்த்து நடக்கிறார். சுற்றிலும் பெண்கள், பிள்ளைகள், சவன் என்கிற பெரிய விருந்துத் தட்டுக் கழுவுகிறவர்கள்.

கத்தலாமா? றபான் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. கேட்டாலும் யாராவது பதறி அந்த மனுசியின் மேல் விழுந்து நெருப்புச் சிதறினால்? ஓடலாமா? ஓடுகிறவனைக் கண்டால் எல்லாரும் ஓடுவார்கள். நான் குடைக்குக் கீழிருந்து விலகி, வேலிக் கடப்பால் பின் வளவுக்குள் நடந்தேன்.

"டேய், எங்கடா போறாய்? வாசல் இஞ்சால!" என்று காக்கா குடையோடு கத்தினார்.

நிக்காஹ் முடியாத மாப்பிள்ளை பெண்களின் பக்கம் போவதா! முக்காட்டை இழுத்துக்கொண்டு நாலு பக்கமும் ஓடினார்கள். "யா அல்லாஹ், மாப்புள்ள குசினிப் பக்கம் வந்துட்டாரு!" என்று ஒருத்தி அலறினாள். பெரியும்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பரலின் வாய்க்கு நேரே சட்டியை வைக்கக் குனிந்துகொண்டிருந்தார். நான் போய் அவருக்கும் பரலுக்கும் நடுவில் நின்றேன்.

"பெரியும்மா," என்று காதோரம் குனிந்து சொன்னேன், "எனக்கு முதல்ல காட்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆரு நீ?"

"மாப்புள்ள."

"மாப்புள்ளக்கி முன் வாசல்லயெல்லோ காட்டுற?"

"அங்க காட்ட ஆளில்ல பெரியும்மா. நீங்க காட்டினாத்தான் எனக்குப் பறக்கத்து, நல்லது நடக்கும்."

பல்லில்லாத வாயால் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அவசரக்காரன்! வா, வா, தலயக் குனி," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டே சட்டியைக் கையில் வாங்கினேன். லேஞ்சியைச் சுற்றிப் பிடித்தும் கை வெந்தது. காற்று வரும் பக்கமாக ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தேன். அவர் புகையைக் கையால் அள்ளி அள்ளி என் தலைப்பாகையில் போட்டுக்கொண்டே என்னோடு வந்தார். முன் வாசல் வரையும் அப்படியே வந்து, சட்டியைத் தண்ணீர் வாளிக்குள் கவிழ்த்தேன். அது சீறி அணைந்தது.

றபான் நின்றுவிட்டது. மாமா எதிரே நின்றார். முகம் சாயத் தொட்டியில் தோய்த்த சிவப்பு.

"கலியாணம் முடிய முந்தி பொம்புளயள்ற பக்கம் போன மாப்புள்ளய நான் எங்கயும் காணல்ல. அதும் போதாம சாம்பிராணிய தண்ணியில போட்டு அணைக்கான். இது மங்கல வீடா, மையத்து விழுந்த வீடா? எனக்கு இந்தச் சம்பந்தம் வேணா. பொல்லடிக்காரன அனுப்புங்க."

"மாமா, அந்தப் பரலு..."

"பரல்ல என்ன? வெறும் பரலு! என்ட மச்சினன் றோட்டு வேலைக்காரங்கக்கிட்ட வாங்கித் தந்த. நல்லாக் கழுவித்தான் வெச்சிரிக்கி."

"உள்ளயும் கழுவினீங்களா?"

"கை போகாத வாய்க்குள்ள எப்புடிடா கழுவுற?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அதில் மாமாவுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. "சம்பந்தம் முடிஞ்சிது," என்று கையை வீசினார். என் காக்கா குடையை மடக்கிக்கொண்டு, போவதா நிற்பதா என்று முழித்தார். நெருப்பை அணைத்துவிட்டேன், கலியாணமும் சேர்ந்து அணைந்துவிட்டது.

இதற்குள் கந்தப்பர் பின் வளவுக்குப் போய்விட்டார். பரலின் பக்கத்தில் முழந்தாளிட்டு மூக்கை நீட்டினார். உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினார். அதன் பொருள் எனக்குத் தெரியும்: எல்லாரும் தள்ளி. கொல்லரிடம் ஏதோ சொன்னார். கொல்லர் உளியைப் போட்டுவிட்டு எழும்பின வேகத்தில் சாரன் அவிழ்ந்துபோகப் பார்த்தது. பரலை நிமிர்த்தி, வாயில் ஈரத்துணி அடைத்து, பொல்லடிக்காரர்கள் தோளில் தடி போட்டுத் தூக்கினார்கள். வளவுக்குப் பின்னால் இருந்த வெறும் மணலுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே பரலைச் சரித்து அடியில் கிடந்த எண்ணெயை ஒரு சிரட்டையில் வடித்தார். சிரட்டையின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அதையும் ஈரத்துணியால் மூடினார்.

"இப்ப தண்ணி," என்றார். "வாய் வரைக்கும். உள்ளுக்குக் காத்து நிக்க இடம் இருக்கப்படாது."

சாயம் போடுகிற வீட்டில் வாளிக்கா பஞ்சம்? கிணற்றிலிருந்து மணல் வரைக்கும் வரிசை கட்டி நின்று கை மாற்றினார்கள். கலியாண உடுப்போடு நானும் வரிசையில் நின்றேன். பரல் நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீரில் எண்ணெய் வானவில் மாதிரி மிதந்து மணலில் இறங்கியது.

மாமா வந்து பார்த்தார். "தண்ணி ஊத்தினா என்ட வீட்டு மானம் வருமா, அண்ணன்?" என்று கேட்டார். குரல் இன்னும் கோபம்தான்.

கந்தப்பர் மாமாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். எல்லாரும் கிட்டே வந்து காது கொடுத்தார்கள். "காக்கா, வெறும் பால்மாப் பேணி ஒண்டு இருந்தாத் தாங்க. மூடியோட."

தகரப் பேணி வந்தது. அதன் கீழ்ப்பக்கம் ஆணியால் ஒரு துளை போட்டார். சிரட்டையில் இருந்த எண்ணெயில் விரலை நனைத்து உள்ளே ஒரு சொட்டுத் தட்டினார். மூடியை அழுத்தி, துளையை விரலால் பொத்திக் குலுக்கினார். பரலிலிருந்தும் சிரட்டையிலிருந்தும் தூரமாகப் போய், மணலில் பேணியை வைத்துவிட்டு, பிள்ளைகளையும் பெண்களையும் உள்ளே அனுப்பச் சொன்னார். ஆண்களை வேலியோரம் நிறுத்தினார். நீண்ட மூங்கில் ஒன்றின் நுனியில் கட்டிய திரியைப் பற்றவைத்து, தூர நின்று துளைக்கு நீட்டினார்.

'டப்!'

மூடி தென்னைமர உயரத்துக்குப் பறந்தது. கூட்டம் "ஓ!" என்றது. சீன வெடி வைத்திருந்தவன் ஒருவன், தன் வெடியைப் பார்த்துவிட்டு மடியில் சொருகிக்கொண்டான்.

"இதுக்குள்ள போனது ஒரு சொட்டு, காக்கா," என்றார் கந்தப்பர். பிறகு திரும்பி, தண்ணீர் வழிகிற பரலைப் பார்த்தார்.

மாமா பரலைப் பார்த்தார். குசினிக் கதவைப் பார்த்தார். அங்கே பெரியும்மா, இவ்வளவு நேரமும் என்ன நடந்தது என்று தெரியாமல், அணைந்த சாம்பிராணிச் சட்டியை வைத்துக்கொண்டு நின்றார். மாமா அப்படியே மணலில் குந்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழும்பி என்னிடம் வந்தார். சிவந்துபோன என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தலப்பா கோணிப் போச்சி, மருமகன்," என்று சொல்லி, தன் கையாலேயே என் தலைப்பாகையை நேராக்கினார். பிறகு சுற்றிப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? றபான எடுங்க! மாப்புள்ள இன்னும் வீட்டுக்குள்ள வரல்ல!" என்று ஒரு சத்தம் போட்டார்.

ஊர்வலம் முதலிலிருந்து வந்தது. ஆமாம், தெரு முனைக்குத் திரும்பிப் போய், குடையை விரித்து, மறுபடியும் வந்தோம். நான் மறுபடியும் வெட்கப்பட்டேன். மாமாவின் மானத்துக்கு அது தேவைப்பட்டது. பொல்லடிக்காரர் முதல் தரத்தைவிட நன்றாக ஆடினார்கள்.

பாய் விரித்து நிக்காஹுக்கு இருந்தோம். நிக்காஹ் நடத்த வந்த பள்ளிவாசல் லெவ்வை பெண்ணிடம் சம்மதம் கேட்டு வரச் சாட்சிகளை உள்ளே அனுப்பினார். பெண் வாய் திறக்கமாட்டாள், சும்மா இருந்தாலே சம்மதம் என்றுதான் அந்தக் காலத்தில் எடுப்பார்கள். போன சாட்சிகள் வர நேரம் எடுத்தது. வந்தபோது அவர்களில் ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன, புள்ளக்கிச் சம்மதமா?" என்றார் லெவ்வை.

"புள்ள கதைக்குது."

"கதைக்குதா? என்ன கதைக்குது?"

"ஆம்புளயள் எல்லாரும் பாத்த, எங்கள மட்டும் உள்ள போட்டு அடச்சிட்டாங்க. சத்தம் மட்டும்தான் கேட்ட. அந்தப் பேணி இன்னொருக்காப் பறக்கோணும், மறுகா சொல்றன் எண்டு சொல்லுது."

நான் லேஞ்சியை வாயில் கடித்துக்கொண்டேன். மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயம். அவரோ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "என்ட புள்ளதான்! பின்ன ஆர்ர புள்ள?" என்றார்.

எல்லாரும் கந்தப்பரைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. எழும்பி, மணலை ஒரு பிடி அள்ளிக் காற்றில் விட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். அடுப்புகளைப் பார்த்தார். பெண்கள் எல்லாரையும் காற்று வரும் பக்கத்து வேலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கிடுகு விலக்கிப் பார்க்கலாம், தாண்டக் கூடாது. பேணியைத் துடைத்து, ஆறவிட்டு, மறுபடியும் ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டை இரண்டாக்கச் சொல்லி ஒரு பொடியன் கெஞ்சினான். கந்தப்பர் அவனைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. இந்தத் தரம் மூங்கிலை என் கையில் தந்தார்.

"மாப்புள்ளதான் வைக்கோணும்," என்றார். "கை நீட்டு. முகத்தத் திருப்பு. அவசரப்படாத."

லெவ்வையும் பாயை விட்டு எழும்பி வந்து நின்றார்.

'டப்!'

மூடி தென்னை ஓலைக்கு மேலே போய், அந்தி வெயிலில் மின்னிக்கொண்டு சுழன்றது. வேலிக்குப் பின்னால் குரவை எழும்பியது. நான் மூங்கிலைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மூடி இன்னும் கீழே வரவில்லை, லெவ்வை கேள்வியைத் திரும்பக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் குரவையைக் கிழித்துக்கொண்டு, விலகிய கிடுகுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது:

"ஓம்! ஓம்! சம்மதம்!"